வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற புரோட்டீன் பவுடரை எப்படிப் பார்த்து வாங்குவது?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஜிம்முக்குப் போகிறீர்கள், எந்தப் புரோட்டீன் பவுடரைக் குடித்தாலும் வயிறு உப்பிக்கொள்கிறது, வாயு, சில நாள் பேதி, வயிற்றைப் படுத்தாத பவுடர் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிராண்ட் பெயருக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு வயிற்றைக் கெடுப்பது புரோட்டீன் அல்ல. அதோடு சேர்ந்து டப்பாவுக்குள் வருகிற பால் சர்க்கரை, இனிப்பூட்டி, பசைப்பொருள், அப்புறம் நாம் அதைக் கலக்குகிற பால். அதனால் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்த்து எத்தனை முறை மாற்றினாலும் பிரச்சினை கூடவே வரும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

முதல் சந்தேகம் லாக்டோஸ் மேல். பனீர் செய்யும்போது பால் திரிந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு தண்ணீர் பிரியுமே, அதுபோல சீஸ் செய்யும்போது பிரிகிற தண்ணீரில் இருந்து எடுப்பதுதான் வே புரோட்டீன். பாலின் சர்க்கரையான லாக்டோஸ் அந்தத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதை ஜீரணிக்கிற லாக்டேஸ் என்ற என்சைம் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு நம்மில் நிறைய பேருக்குக் குறைந்துவிடுகிறது. ஜீரணமாகாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்க, வாயு உண்டாகிறது.

வீட்டிலேயே இதை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் மட்டும் குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அதே உப்புசமும் கடமுடாவும் வந்து, தயிர் சாப்பிடும் நாளில் ஒன்றும் ஆகவில்லை என்றால் லாக்டோஸ்தான் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். தயிரில் உறைமோர் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் அது ஒத்துக்கொள்கிறது. பால் குடித்தால் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் வரும் என்றால் அது பால் அலர்ஜி, வேறு விஷயம். அவர்கள் வே பக்கமே போகக்கூடாது, இந்தச் சோதனையும் செய்யக்கூடாது.

லாக்டோஸ்தான் காரணம் என்றால் 'வே கான்சன்ட்ரேட்' வேண்டாம், 'வே ஐசோலேட்' வாங்குங்கள். கான்சன்ட்ரேட்டில் புரோட்டீன் பொதுவாக 70 முதல் 80 சதவீதம், மீதியில் லாக்டோஸ் இருக்கும். ஐசோலேட்டில் 90 சதவீதத்தை ஒட்டி வரும், லாக்டோஸ் மிகக் குறைவு. சிலர் 'ஐசோலேட் பிளெண்ட்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே பாதிக்குமேல் கான்சன்ட்ரேட் வைத்திருப்பார்கள். சேர்பொருள் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: 30 கிராம் ஸ்கூப்பில் 26, 27 கிராம் புரோட்டீன் என்றால் சுவையூட்டாத ஐசோலேட்டுக்குச் சரி. 20 கிராம்தான் என்றால் மீதி 10 கிராம் என்ன என்று கேளுங்கள். எடை கூட்ட என்று 'மாஸ் கெயினர்' பெயரில் விற்பதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து, அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இரண்டாவது சந்தேகம் பலருக்கும் தோன்றாதது, இனிப்பூட்டியும் பசைப்பொருளும். நம் ஊர் டப்பாக்களில் ஐஎன்எஸ் (INS) என்று போட்டு, உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்கள் இருக்கும். 420 சார்பிட்டால், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால். இந்த மூன்றும் முழுதாக உறிஞ்சப்படாத இனிப்புகள், அளவு கூடினால் நேராகப் பேதிதான். 412 குவார் கம், 415 சாந்தன் கம், இவை பானம் கெட்டியாக இருக்கச் சேர்ப்பவை, சிலருக்கு வயிறு பாரமாகும். 'இனுலின்' அல்லது 'சிக்கரி வேர் நார்' என்று இருந்தால் அதையும் கவனியுங்கள். ஃபில்டர் காப்பித் தூளில் கலக்கிற அதே சிக்கரி வேரில் இருந்து எடுக்கிற நார்ச்சத்து அது. நல்லதுதான், ஆனால் சட்டென்று பாதிக்கப்படுகிற குடலில் வாயுவைக் கிளப்பிவிடும்.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது அப்பாவால். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவர். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு கரைந்துபோய், புரோட்டீன் சேர்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தார். வெனிலா வாசனையோடு ஒரு டப்பா, பாலில் கலந்து கொடுத்தால் அரை மணியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிடுவார். டம்ளரை நீட்டினாலே "வேண்டாம் சாமி, வயிறு கல்லாட்டம் கெடக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பவுடரை நிறுத்திவிட்டால் எடை இன்னும் இறங்கும், அந்த நிலையில்தான் பின்பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

அவருக்குச் சரியாக வந்தது ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்தில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் அடுப்பில் ஏறுவது அதுதானே. வயிற்றுக்கு அவ்வளவு இதம், ஆனால் மரவள்ளி மாவில் செய்ததால் புரோட்டீன் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் குறையை நிரப்பத்தான் பவுடர். சுவையூட்டாத, இனிப்பில்லாத ஐசோலேட் அரை ஸ்கூப்பை முதலில் கொஞ்சம் ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி இளஞ்சூட்டுக்கு வந்த பிறகுதான் அதை ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது போட்டால் வே திரிந்து ரப்பர் மாதிரி உருண்டையாகிவிடும். ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காயும் போதும். அப்பா கேள்வி கேட்காமல் குடித்தது இதைத்தான். ஜிம் போகிற உங்களுக்கும் இது பொருந்தும், ஷேக்கரில் ஒரே மூச்சில் குடிப்பதைவிட மெதுவாக உள்ளே போகும், காற்றும் விழுங்க மாட்டீர்கள்.

பால் சம்பந்தமே வேண்டாம் என்றால் பட்டாணிப் புரோட்டீன். பட்டாணி என்றதும் வாயு என்று பயப்பட வேண்டாம், பிரித்தெடுக்கும்போது வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் பெரும்பாலும் போய்விடும். மண்வாசனை இருக்கும், நாக்கு பழக நாளாகும். அரிசிப் புரோட்டீனோடு கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது, ஒன்றில் குறைவான அமினோ அமிலம் மற்றதில் இருக்கிறது. சோயாவும் சரிதான், ஆனால் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

எதை வாங்கினாலும் முதலில் சின்ன பாக்கெட். அரை ஸ்கூப், தண்ணீரில், சாப்பாட்டோடு. ஒரு வாரம் தொந்தரவு இல்லை என்றால் கூட்டலாம். ஒரே நேரத்தில் பவுடரையும் மாற்றி, பாலையும் நிறுத்தி, வாழைப்பழத்தையும் சேர்த்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ (FSSAI) தருகிற 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிம்மில் கவரில் கட்டித் தருகிற சில்லறைப் பவுடரைத் தயவுசெய்து வாங்காதீர்கள், அதில் படிக்கப் பின்பக்கமே கிடையாது.

இன்னொன்றும் மனதார சொல்ல வேண்டும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரோட்டீன் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்தால் தேவை கூடும், ஆனாலும் இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம், அப்புறம் பருப்பு, தயிர், சுண்டல் என்று போனால் பாதிக்குமேல் தட்டிலேயே வந்துவிடும். ஐசிஎம்ஆரின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில், உடம்பு ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதிப் பார்த்து, அந்தக் குறைக்கு மட்டும் பவுடர் போடுங்கள். அளவு பாதியானால் உப்புசமும் பெரும்பாலும் குறையும்.

கிட்னியில் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உங்களுக்கும், பவுடரை முழுதாக நிறுத்திய பிறகும் பேதி தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ அது டப்பா சம்பந்தப்பட்டது இல்லை. அடுத்த பிராண்டைத் தேடாமல் குடல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.