போன மாதச் சம்பளச் சீட்டைக் கேளுங்கள்

வணக்கம் ஐயா,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். வயது 28. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்து நான்கு வருடம் எட்டு மாதமாகிறது. கணவருக்கு 31 வயது, ஹட்டனில் வாடகைக்கு எடுத்து ஆட்டோ ஓட்டுகிறார். நான்கு வயதில் ஒரு மகள். பென்சன் வாங்கிய அம்மாவும் எங்களோடு லயத்து வீட்டில்தான்.

ஹட்டனில் ஒருவர் லண்டனில் முதியோர் பராமரிப்பு வேலை இருக்கிறது, 25 இலட்சம் செலவாகும் என்றார். வட்டிக்கு எடுக்கலாம் என்று நினைத்து அட்வான்சாக 50,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். தோட்டத்துக்கு வந்துபோகும் உப முகவர் ஒருவர் கட்டாரில் வீட்டு வேலை, மாதம் 1,200 றியால், புறப்படும்போது இரண்டரை இலட்சம் கையில் தருவோம் என்கிறார். மச்சாள் ஜப்பான் மொழி படிக்கிறாள், என்னையும் வரச் சொல்கிறாள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலரிடம் கேட்டேன். பாதிப் பேர் ‘தோட்டத்தில் என்ன இருக்கிறது, வந்துவிடு’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘கனவிலும் வராதே’ என்கிறார்கள். யாரை நம்புவது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

லண்டன் பேச்சை முதலில் எடுக்கிறேன். அதில்தான் உங்கள் காசு ஏற்கனவே போயிருக்கிறது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரித்தானிய அரசு 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அந்த வேலைக்குப் போகிறவர் கணவனையும் பிள்ளையையும் கூட்டிப்போக முடியாது என்ற விதி அதற்கும் முன்பே, 2024 மார்ச் 11இல் வந்தது. ஏற்கனவே அந்த நாட்டில் விசாவோடு இருப்பவர்கள் இந்த வேலைக்கு மாற 2028 ஜூலை வரை ஓர் இடைவெளி உண்டு. பொகவந்தலாவையில் இருக்கும் உங்களுக்கு அது இல்லை. ‘விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஹட்டன்காரர் சொல்வார். விசிட் விசாவை உள்ளே இருந்துகொண்டு வேலை விசாவாக மாற்ற அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. இல்லாத ஒரு கதவுக்குத்தான் 25 இலட்சம் கேட்கிறார்கள். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்று வைத்தாலும் அந்தத் தொகைக்கு வட்டி மட்டும் மாதம் 75,000 ரூபாய்.

நீங்கள் பேசியவர்களில் 2023இல் லண்டன் போன ஒரு பெண் இருந்தால், ‘எனக்குக் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும்’ என்று அவர் சொல்வது பொய் அல்ல. அவர் போன வழி அப்போது திறந்திருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களின் பேச்சு ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒவ்வொருவரும் தான் போன வருடத்தையும் தன் விசாவையும் தன் முதலாளியையும் வைத்துப் பேசுகிறார்கள். கடன் அடையாதவர் ஊருக்குத் தெரியக்கூடாது என்று ‘நல்லா இருக்கேன்’ என்பார். ஆள் சேர்த்துக் கொடுத்தால் காசு கிடைக்கும் என்பதற்காக ‘வா’ என்பவரும் உண்டு. ஆகவே ‘வரலாமா’, ‘எப்படி இருக்கிறது’ என்ற கேள்விகளால் உங்களுக்குப் பயனில்லை. எண்ணில் பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள்.

எந்த வருடம் போனீர்கள், எந்த விசா, யாருக்கு எவ்வளவு கட்டினீர்கள்? போன மாதச் சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? அதில் அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், கழிவு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஓவர்டைமைச் சேர்த்துச் சொல்லும் சம்பளம் வேலை குறையும் மாதத்தில் பாதியாகிவிடும். அறை வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் போக வீட்டுக்கு அனுப்பியது எவ்வளவு? கடன் தீர எத்தனை மாதம் ஆனது? பாஸ்போர்ட் இப்போது யார் கையில்? கடைசியாக எந்த நாள் லீவு கிடைத்தது, அன்று வெளியே போனீர்களா? ஒப்பந்தத்தில் இருந்த வேலையைத்தான் செய்கிறீர்களா? மனம் திறந்து பேசுபவர் இவற்றுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். மழுப்பினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் அதே நாட்டுக்கு அதே வேலைக்கு அண்மையில் போனவராக இருக்கட்டும். ஒருவர் ஒப்பந்தம் முடித்துத் திரும்பியவர். இன்னொருவர் இடையிலேயே வந்துவிட்டவர். பின்னிரண்டு பேரும் உங்கள் தோட்டத்திலோ பக்கத்து டிவிஷனிலோ இருப்பார்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ப் பேசுங்கள். வீட்டு வேலையில் இருப்பவரிடம் போனில் பேசினால், எசமானியம்மா காதில் விழும் தூரத்தில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ‘ஆம்’ என்றால் லீவு நாளில் பேசுங்கள்.

இப்போது கட்டார். இதை ஒரேயடியாகத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். வளைகுடாவில் வீட்டு வேலைக்குக் கட்டாரின் சட்டம் மற்ற சில நாடுகளைவிடத் தெளிவானது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 றியால், அது வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்துத்தான். சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. 2017இன் வீட்டுப் பணியாளர் சட்டப்படி நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரம் ஒரு முழுநாள் லீவு, வருடம் மூன்று வாரச் சம்பள விடுமுறை. 2020இலிருந்து பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே, முறைப்படி முன்னறிவித்தல் கொடுத்து வேலை மாறலாம். ஆனால் கதவு மூடிய வீட்டுக்குள் பத்து மணி நேரம் எப்போது முடிகிறது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. போய்வந்தவர்களிடம் கேட்கச் சொல்வது அதனால்தான். ஒரு றியாலை 80 ரூபாயாக வைத்தால் 1,200 றியால் ஏறக்குறைய 96,000 ரூபாய்.

உப முகவர் தரும் இரண்டரை இலட்சத்தில்தான் கவனம் வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்காக முதலாளி முகவர் நிலையத்துக்குக் கட்டும் காசிலிருந்து வருவது அது. கட்டாரில் முதல் ஒன்பது மாதத்துக்குள் நீங்கள் வேலையை விட்டால் முகவர் நிலையம் முதலாளிக்கு வேறு ஆள் தரவேண்டும், அல்லது காசைத் திருப்ப வேண்டும். அந்தச் சுமையை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள். அடி உதை என்றாலும் திரும்பிவர முடியாமல் பெண்களைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் இந்தக் காசுதான். அதை வாங்கினால் வங்கியில் போட்டு ஒன்பது மாதம் தொடாதீர்கள். வீட்டுக் கூரைக்கோ பழைய கடனுக்கோ அதைக் கணக்குப் பண்ணியிருந்தால் இப்போதே வேறு வழி பாருங்கள்.

உப முகவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்காது. அது முகவர் நிலையத்தின் பெயரில் இருக்கும். அதன் இலக்கத்தை வாங்கி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது 1989க்கு அழைத்துக் கேளுங்கள். இலக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ‘கட்டாரில் இந்த வேலைக்கு, இத்தனை பேருக்கு, இந்தச் சம்பளத்துக்கு இந்த நிலையத்துக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா’ என்றும் கேளுங்கள். நல்ல நிலையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு வழியில் ஆள் அனுப்புபவர்கள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் அகப்படுவார்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் பணியகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரைப் பார்க்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் நீங்கள் போகத் தடையில்லை. அவளை யார் பார்த்துக்கொள்வார் என்பதை அவரிடம்தான் பதிய வேண்டும். அம்மா ஒருவரை மட்டும் நம்பாமல் இரண்டாவது ஆளையும் இப்போதே பேசி வையுங்கள்.

‘விசிட் விசாவில் டுபாய் போய் அங்கிருந்து கட்டார்’ என்ற பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். 2022இல் ஓமானில் அகப்பட்டு நின்ற நம் பெண்கள் பலரும் விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள். பணியகப் பதிவில்லாமல் போனால் காப்புறுதி இல்லை, தூதரகத்தில் காட்டச் சரியான ஒப்பந்தமும் இல்லை.

ஜப்பானுக்கு ஒன்றோ ஒன்றரை வருடமோ பொறுக்க முடிந்தால், மூன்று வழிகளில் உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பராமரிப்பு வேலைக்கு ஜே.எல்.பி.டி. என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற ஜப்பான் மொழிப் பரீட்சைகளில் ஒன்றில் சித்தி வேண்டும். அதோடு பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்கான ஜப்பான் மொழிப் பரீட்சை இரண்டும் எழுத வேண்டும். பரீட்சையில் தவறினால் நட்டம் வகுப்புக் காசும் காலமும் மட்டும்தான். வீடு வட்டியில் முழுகாது. அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் வரி, காப்புறுதி, வாடகை எல்லாம் அதிலிருந்து போகும். இந்த வேலைக்குத் தரும் முதல் நிலை விசாவுக்கு மொத்தம் ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நான்கு வயது மகளை விட்டு ஐந்து வருடம் என்பதை நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடிதத்தில் ஒரு விஷயம் உறுத்துகிறது. மூன்று வழியிலும் போகிறவர் நீங்கள்தான். கணவருக்கு 31 வயதுதானே? கொரிய அரசு வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்கும் ஈ.பி.எஸ். திட்டத்தில் வயது எல்லை 18 முதல் 39. மொழிப் பரீட்சை எழுதி, பணியகம் வழியாக மட்டும்தான் போகலாம், முகவருக்கு அங்கே இடமில்லை. தொழிற்சாலை வேலைக்கு ஆண்களையே அதிகம் எடுக்கிறார்கள். தோட்டத்தில் பெண்ணை அனுப்புவது பழகிவிட்டது என்பதற்காக அவர் பெயரைக் கணக்கிலிருந்து விடாதீர்கள்.

எந்த வழியானாலும் நான்கு மாதம் வேலையை விடாதீர்கள். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை, சட்டப்படி ஐந்து வருடம் முடிந்தால்தான். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்கு 70 நாள். நாளுக்கு 1,350 ரூபாயாக வைத்தாலும் 94,500 ரூபாய் வருகிறது. நான்கு வருடம் பதினொரு மாதத்தில் விலகினால் அது கிடைக்காது. சேமலாப நிதி, அதாவது பண்டு காசு, வேறு. ஒப்பந்த வேலைக்கு வெளிநாடு போவதற்காக அதை எடுக்க முடியாது, பெண்களுக்கு 50 வயதில் கிடைக்கும், அதுவரை வட்டியோடு இருக்கும். ‘பண்டு காசை எடுத்துத் தருகிறேன்’ என்று வருபவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், இருந்து போனால் அம்மா அந்த வீட்டில் இருக்கலாமா என்பதையும் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த நான்கு மாதத்தில் பத்திரங்களைச் சரிபாருங்கள். நம் தோட்டங்களில் ஒரே ஆள் பிறப்புப் பத்திரத்தில் லெச்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி, செக்ரோலில் லக்ஷ்மி. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். பாஸ்போர்ட் எடுக்க முன்பே ஆங்கில எழுத்துக் கூட்டலை ஒன்றாக்கிவிடுங்கள். ஒப்பந்தமும் விசாவும் ஒரு பெயரில் வந்தபின் திருத்துவது பெரும்பாடு, சேமலாப நிதி எடுக்கும்போதும் அதே சிக்கல் வரும்.

போவதென்று முடிவானால் உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் திறங்கள். மாதச் செலவைக் கணவருக்கு அனுப்புங்கள், மீதி அதில் இருக்கட்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியும், முகவர் நிலைய இலக்கமும், முதலாளி வீட்டு முகவரியும் கணவரிடம் இருக்க வேண்டும். தூதரக எண்ணைத் தாளில் எழுதி உடுப்புக்குள் வையுங்கள், போனைப் பறித்தாலும் அது இருக்கும். ஆபத்து என்றால் சொல்ல ஒரு வார்த்தையைப் பேசி வையுங்கள். ‘பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதா’ என்று நீங்கள் கேட்டால் கணவர் அடுத்த பஸ்ஸில் பணியகத்துக்குப் போக வேண்டும்.

ஹட்டன்காரருக்குக் கொடுத்த 50,000 ரூபாய்க்கு வருகிறேன். மிச்சக் காசு எதையும் கொடுக்காதீர்கள். வங்கிச் சிட்டை, ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். ரசீது இல்லையென்றால், காசைத் திருப்பித் தரும்படி இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். தொகையையும் கொடுத்த திகதியையும் அதில் குறிப்பிடுங்கள். அவர் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று பதில் போட்டாலே காசு வாங்கியதற்கு அது சாட்சி. பிறகு அவற்றோடு பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள், பொலிஸிலும் ஒரு பதிவு போடுங்கள். பாதியைத் திருப்பித் தந்து ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதிக் கேட்டால், முழுத்தொகை கைக்கு வரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.