ஊருணிக் கரையில் பேவர் பிளாக் எதற்கு?

கேள்வி: எங்கள் தெரு ஊருணியைப் பூங்கா ஆக்கப்போகிறார்கள். கரை மரங்களை எடுத்துவிட்டுச் சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, புல்தரை, விளக்கு. "வெயில் வருஷா வருஷம் ஏறுது, ஊருக்குள்ள பசுமை வேணும்" என்கிறார்கள். ஆதரித்துக் கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஊருணியைத் தூர்வாரிச் சீர்செய்வதை மனதார ஆதரியுங்கள், தங்கச்சி. மரத்தில் கோடரி விழ மட்டும் விடாதீர்கள்.

நான் தேவகோட்டைக்காரி. கத்திரி வெயிலில் வளவுக்குள்ளேயே புழுங்கும்போதும் ஊருணிக் கரைப் புங்க மரத்தடியில் உட்கார முடியும். அதற்கு நிழல் பாதிக் காரணம்தான். வேர் உறிஞ்சும் நீர் இலை வழியே ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. பேவர் பிளாக்கோ பகலெல்லாம் சூட்டை வாங்கிவைத்து ராத்திரியில் வெளியே விடும். புல்தரை நிழல் தராது. மே மாதத்தில் தினம் தண்ணீர் கேட்கும். அதற்கு எங்கே போவது? கரையில் நிற்கும் வேம்பும் புங்கனும் நம் செம்மண்ணில் தாமாக வேர்பிடித்தவை. இன்று நடும் கன்று அந்த நிழலைத் தரப் பல ஆண்டுகள் ஆகும்.

மரத்தைவிடவும் எனக்குக் கவலை, ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் பற்றித்தான். திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, மழைநீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். சுற்றுச்சுவரும் நடைபாதையும் கட்டி வரத்தை அடைத்தால், ஐப்பசி அடைமழையில் தெருவில் தண்ணீர் தேங்கும், ஊருணி காய்ந்து கிடக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. நம் சிவகங்கை மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையே ஏறத்தாழ அவ்வளவுதான்! காற்றும் கடலும் சூடேறச் சூடேற இப்படிக் கொட்டும் நாட்கள் கூடும். அந்த நீரை வாங்கிவைக்கத்தான் ஊர்கூடிச் செம்புராங்கல் படிகட்டி வெட்டிய இடம் இருக்கிறது. அதைச் சுருக்கலாமா?

வட்டாட்சியர் அலுவலகத்தில், எந்த நிலம் என்ன வகை என்று எழுதிவைத்திருக்கும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஊருணி என்று பதிவாகியிருந்தால் நகலை மனுவோடு இணையுங்கள். குளம் குட்டைகள் சமுதாயத்தின் பொதுச்சொத்து, காக்கப்பட வேண்டியவை என்று 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் எழுதுங்கள். நடக்க, மரங்களுக்கு இடையே மண்பாதை போதும். மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கவாத்து செய்யட்டும். இடைவெளிகளில் நாவலும் நீர்மருதும் வைக்க, ஐப்பசிக்கு முன்பே குழி எடுக்கச் சொல்லுங்கள்.