தங்கையின் சமூகவியலும் ஆறு லட்சம் கடனும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா தறியில் லுங்கி நெய்கிறார். எனக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த தங்கை, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ. சமூகவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு லட்சம் ஆகும். பத்தரை சதவீத வட்டியில் கல்விக்கடன் தருவதாக பேங்கில் சொல்கிறார்கள். "சமூகவியல் படித்து என்ன கிழிக்கப்போகிறாள்" என்கிறார்கள் உறவினர்கள். சேர்த்துவிடலாமா?

எம்., குடியாத்தம்

அன்புள்ள எம்.,

தங்கை சமூகவியல் படிக்கட்டும். ஆனால் அதற்கு ஆறு லட்சம் கடன் வேண்டாம். படிப்பு நல்லதா என்பது ஒரு கேள்வி, கடன் தாங்குமா என்பது இன்னொன்று. உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

படிக்கும் மூன்று வருஷமும் முடித்தபின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் பணம் வாங்கிய நாளிலிருந்தே தனிவட்டி ஏறிக்கொண்டிருக்கும். முதல் வருஷம் வாங்கும் 2 லட்சத்துக்கு நான்கு வருஷ வட்டி 84,000 ரூபாய். அடுத்த 2 லட்சத்துக்கு 63,000, கடைசி 2 லட்சத்துக்கு 42,000. ஆகத் தவணை தொடங்கும் நாளில் பாக்கி 7,89,000. அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 10,650 கட்ட வேண்டும். பதினைந்து வருஷம் என்றால் மாதம் 8,720. ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 15,70,000 அளவுக்குப் போயிருக்கும்.

இனி வரவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர் பணிக்குச் சமூகவியல் பட்டம் நேராகப் பொருந்தும். 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் அதற்குத் தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய், அதுவும் ஒப்பந்த அடிப்படையில். அதில் 10,650 தவணைக்குப் போனால் மிஞ்சுவது 7,886. வேலூரில் ரூம் வாடகையும் சாப்பாடும் பஸ்ஸும் அதற்குள் அடங்காது. தவணை, சம்பளத்தில் கால்வாசியைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. இந்தச் சம்பளத்தில் கால்வாசி 4,634. பத்து வருஷத் தவணைக்கு அதைப் பின்னோக்கிப் போட்டால், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அவள் வாங்கத்தக்க கடன் சுமார் 2,60,000.

"பி.எட். முடித்து டீச்சர் ஆகிவிடுவாள்" என்று யாராவது தைரியம் சொல்லியிருந்தால் அதை நம்பி இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்குச் சமூகவியல் பாடம் கிடையாது. முதுகலை ஆசிரியர் தேர்வில் வரலாறு, பொருளியல் எல்லாம் உண்டு, சமூகவியல் இல்லை. உங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில், வேலை செய்பவர்கள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் தொழிலாளர் நல அலுவலர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வேலைக்கும் வெறும் பி.ஏ. போதாது.

ஆகவே நான் சொல்லும் வழி: பி.ஏ.வை ஊர்ப்பக்கம் படிக்கட்டும், சமூகவியலை எம்.ஏ.வில் எடுக்கட்டும். வேலூர் ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் வரலாறும் உண்டு, பொருளியலும் உண்டு. நான் வரலாற்றையே சொல்வேன், டி.என்.பி.எஸ்.சி.க்கும் உதவும், ஆசிரியர் வேலைக் கதவும் மூடாது. அரசுக் கல்லூரியில் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 வீதம் மூன்று வருஷத்துக்கு 36,000 வரும். எம்.ஏ. சமூகவியலுக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டம் இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டிலிருந்தபடி படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எம்.ஏ.வுக்குப் பின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. அதுவரை கடனே இருக்காது.

இதற்காக மூன்று வருஷம் சமூகவியலை விட்டு அவள் விலகியிருக்க வேண்டியதில்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் கே.வி.குப்பத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் ருஷா கிராம நல மையம் 1977 முதல் கிராமங்களில் வேலை செய்கிறது. லீவில் அங்கே போய்க் கேட்கட்டும். ஒரு வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதிலேயே பாதி சமூகவியல் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு தனித்தனியாக எரிந்தால் அது இரண்டு குடும்பம். மருமகள் தனியாகச் சமைக்கிறாளா என்று மாமியாரிடம் எப்படிக் கேட்பது? அதைக் கேட்டு, சரியாக எழுதி, எக்செல்லில் ஏற்றத் தெரிந்த பெண்ணைத்தான் தொண்டு நிறுவனங்களும் ஆய்வுத் திட்டங்களும் தேடுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் சென்னைதான் என்றால், கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைப் பாருங்கள். அந்தக் கல்லூரி மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டப் பட்டியலில் உள்ளதா? இருந்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கலாம். கிடைத்தால் உங்கள் கணக்கில் 54,000 குறையும். படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டினால் ஒரு சதவீதம் குறைப்பீர்களா என்று மேனேஜரிடம் கேளுங்கள். முதல் வருஷம் மாதம் 1,750தான், மூன்றாம் வருஷம் 5,250 ஆகும். உங்கள் சம்பளத்தில் அது முடியுமா என்று இப்போதே பாருங்கள். அப்பாவும் கடனில் கூட்டாளியாகக் கையெழுத்திடுவார். தவணை நின்றால் அவருடைய சிபில் ஸ்கோரும் விழும். நாளைக்குத் தறிக்கு லோன் கேட்டாலும் கிடைக்காது. இதை அப்பாவிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எதை முடிவு செய்தாலும் அரசு கலைக் கல்லூரிக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை மட்டும் கடைசித் தேதிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.