நடு ராத்திரியில் பட்டையைக் கழற்றிவிட்டார்

வணக்கம் மேடம்,

எனக்கும் என் கணவருக்கும் மலையேற்றமும் டென்ட் போட்டுத் தங்குவதும் ரொம்பப் பிடிக்கும். வீட்டில் எங்கள் வேலை நேரம் ஒத்துப்போவதே இல்லை, ஒருவர் எழுந்து கிளம்பும்போது இன்னொருவர் படுக்கப் போவோம், அதனால் டென்ட்டில் கழிகிற இரவுகளைத்தான் எங்களுக்கென்று இருக்கிற நேரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டென்ட் தரையில் விரித்துப் படுக்க, காற்றடிக்கிற மெத்தை மாதிரியான ஸ்லீப்பிங் பேட் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம். ஒட்டிப் போட்டுப் படுத்தாலும் ராத்திரியில் எப்படியோ விலகி நடுவில் பள்ளம் விழுந்துவிடுகிறது. நான் ஒருக்களித்துப் படுப்பவள். இடுப்பு நேராக அந்தப் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொடும், ஜில்லென்று விழிப்பு வந்துவிடும். இருவருக்குமாக ஒரே இரட்டை பேட் வாங்கலாம் என்றேன், வேண்டாம் என்றார். சரி என்று இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற பட்டை வாங்கி, போன தடவை டென்ட் போட்டதும் நானே உள்ளே போய் நன்றாக இறுக்கிக் கட்டி வைத்தேன்.

நடு ராத்திரி 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், டார்ச்சைக் கையால் பாதி மூடிப் பிடித்துக்கொண்டு அவர் பட்டையின் பக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் தன் பேடை டென்ட் சுவர் வரைக்கும் தள்ளிப் போட்டுப் படுத்துவிட்டார். நான் தூங்குவதுபோலவே கிடந்தேன். காலையில் கேட்டதற்கு, "நீ அசைந்தால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது" என்றார், அதோடு பேச்சு முடிந்தது. அவர் என்னைவிட நல்ல எடை, பேடைக் கல் மாதிரி காற்றடித்து வைப்பார். எனக்குக் கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் தோள் வலிக்காது.

இது சின்ன விஷயம்தானா, இல்லை என்னை விட்டு விலகுகிறாரா? அடுத்த பயணம் வருகிறது. பேசாமல் இரட்டை பேடை வாங்கிவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

இரட்டை பேட் இப்போதைக்கு வேண்டாம். அதில் பல ஒரே காற்றறை கொண்டவை, கனமானவர் பக்கம் அமுங்கும், நீங்கள் அவர் பக்கம் சரிவீர்கள், நீங்கள் புரண்டால் அந்த அசைவு அப்படியே காற்று வழியாக அவருக்குப் போகும். எதற்காக அவர் பட்டையைக் கழற்றினாரோ அதையே காசு கொடுத்துப் பெரிதாக வாங்கி வருவதாக ஆகிவிடும். ஓட்டை விழுந்தால் இருவருமே தரையில். இரண்டு தனி அறை உள்ள இரட்டை பேடும் உண்டு, ஆனால் உங்களிடம் இருக்கிற இரண்டு பேடிலேயே அந்த வசதி இருக்கிறதே.

விலகுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். டார்ச்சைக் கையால் மூடிப் பிடித்திருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தூக்கம் கலையக் கூடாது என்ற கவனம் அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் பட்டை கழன்ற சத்தத்துக்குக் கொடுக்கிற எடையை இதற்கும் கொடுங்கள். புது இடத்தில் முதல் இரவு பலருக்கும் தூக்கம் ஆழமாக வராது, தூக்கம் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. தினம் ஓர் இடத்தில் டென்ட் போடுபவருக்கு ஏறக்குறைய எல்லா இரவும் முதல் இரவுதான். போதாக்குறைக்கு விடியல் நெருங்க நெருங்கத் தூக்கம் இன்னும் லேசாகும், பக்கத்தில் ஒரு கால் நீண்டாலே விழித்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பது ஒரு தேவை, தூங்குவது வேறொரு தேவை. உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடுகிறது, அவருக்குக் கிடைப்பதில்லை. அதனால் அவருக்கு உங்கள் மேல் பிரியம் குறைவு என்று ஆகாது.

நானும் டென்ட்டில் தூங்குபவள், அதனால் பட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இறுக்கிக் கட்டியதுதான் தொந்தரவு என்று நினைக்கிறேன். அளவுக்கு மீறி இறுக்கினால் பேடின் வெளி ஓரம் தூக்கிக்கொண்டு இருவரும் நடுவில் சரிவீர்கள். இரண்டு பேடிலும் பாதிக் காற்று இருக்கும்போதே, மார்புக்கு நேராக ஒன்று, முழங்காலுக்கு நேராக ஒன்று என்று பட்டையைப் போட்டு, ஒட்டி நிற்கிற அளவுக்கு மட்டும் இழுங்கள். பிறகு மீதிக் காற்றை அவரவர் வால்வில் அவரவர் விருப்பப்படி அடித்துக்கொள்ளுங்கள், அவருடையது கல்லாக இருக்கட்டும், உங்களுடையது தளர்வாக இருக்கட்டும். வெளியே குளிரக் குளிர உள்ளிருக்கும் காற்றும் சுருங்கிப் பேட் தொய்யும், பலர் இதை ஓட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள், படுக்கிறதுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் அடித்தால் போதும்.

இரண்டும் ஒரே தடிமனாகவும் தலையிலிருந்து கால் வரை ஒரே அகலமாகவும் இருந்தால் நன்றாகச் சேரும். கால் பக்கம் குறுகிப்போகிற பேட் என்றால் என்ன கட்டினாலும் கீழே இடைவெளி இருக்கும். உங்களை எழுப்புகிற குளிர் அந்த இடைவெளியில்தான் வருகிறது. பேடில் குளிரைத் தடுக்கும் திறனுக்கு ஆர்-வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நடுப் பள்ளத்துக்கு உதவாது. இரண்டு பேடுக்கும் அடியில் காற்றடிக்கத் தேவையில்லாத, நீர் ஊறாத ஃபோம் விரிப்பு (closed-cell foam) ஒன்றைக் குறுக்காக விரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஆர்-வேல்யூ கூடும், அதோடு வழுக்குகிற டென்ட் தரையில் பேட் நகராமலும் பிடித்துக்கொள்ளும். மேலே இரண்டையும் சேர்த்து ஒரு மெல்லிய விரிப்பைப் போட்டு ஓரத்தைச் செருகிவிட்டால் பள்ளம் பாதி மறையும். அகலமான பேட் வாங்கலாமா என்று யோசித்தால் முதலில் டென்ட்டை அளந்துவிடுங்கள். சாதாரண பேட் சுமார் 51 செ.மீ., அகலமானது 64 செ.மீ. இருவர் டென்ட் பலவற்றில் தரை அகலமே 130 செ.மீ. அளவுதான், அதுவும் சிலவற்றில் கால் பக்கம் குறுகும்.

உள்ளே புகுந்து படுக்கிற ஸ்லீப்பிங் பேக் மட்டும் ஆளுக்கொன்றாகவே இருக்கட்டும், இரண்டையும் ஜிப் போட்டு இணைக்க வேண்டாம். லேசாகத் தூங்குபவருக்கு அந்த ஒரு சுவராவது வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் நேரம் கிடைப்பதில்லை, டென்ட் இரவுகளுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் சொன்னதாக எங்கும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் படுக்கப் போனபோது பேட் கட்டிக் கிடந்தது என்பதுதான். கிளம்புகிறதுக்கு முன்னால், மூட்டை கட்டும்போது, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "தூங்குகிற வரைக்கும் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், நீங்கள் நன்றாகத் தூங்கவும் வேண்டும், இரண்டுக்கும் எப்படிக் கட்டலாம்?" விளக்கணைத்த பிறகு டென்ட்டுக்குள் இந்தப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், களைப்பில் யாருக்கும் சரியான பதில் வராது. ராத்திரியில் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுக் கழற்றட்டும். அதை அவரிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், நானாக இருந்தால் கேட்பேன்.

நடக்கும்போது முன்னால் போய்விடுகிறார், பகலிலும் பேச்சைக் குறைக்கிறார், தொட்டால் விலகுகிறார் என்றெல்லாம் இருந்தால் அது பேட் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, இருவருமாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டில் தரையிலேயே இரண்டு பேடையும் கட்டிப் படுத்துப் பாருங்கள். அன்றைக்குப் பட்டையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.