காட்டுப்பன்றி, காட்டுமாடு, மான்: இந்த மாதக் கேள்விகள்

மக்காச்சோளம் கதிர் வாங்கும் நேரம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பன்றிதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான்கு ஏக்கர் மக்காச்சோளம். பன்றிக்காக சோலார் வேலி போடப் போகிறேன். எத்தனை கம்பி, எவ்வளவு உயரம்? (சின்னசேலம்)

மூன்று கம்பி போதும். தரையிலிருந்து அரை அடி, ஒன்றேகால் அடி, இரண்டு அடி. பன்றி தாண்டுகிற விலங்கு இல்லை, முட்டி நுழைகிற விலங்கு. அதனால் அதன் ஈர மூக்குதான் முதலில் கம்பியில் பட வேண்டும். கீழ்க்கம்பியை ஒரு அடிக்கு மேல் கட்டினால் தலை உள்ளே போய்விடும், கம்பி முதுகில் உரசும். அந்த முரட்டு மயிருக்கு மேல் ஷாக் உறைக்காது. உறைத்தாலும் பன்றி முன்னால்தான் பாயும்.

நான்கு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 500 மீட்டர் வரும். மூன்று வரிசைக்கு 2.5 மி.மீ. ஜி.ஐ. கம்பி சுமார் 60 கிலோ. ஊன்றுகால் 15 அடிக்கு ஒன்று, மேடு பள்ளமான இடத்தில் 10 அடிக்கு ஒன்று. வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில்தான் எல்லா வேலியும் தோற்கிறது. கம்பி நேராகப் போகும், தரை கீழே இறங்கும், இடைவெளியில் குட்டியோடு மொத்தக் கூட்டமும் போய்விடும். அங்கே தனியாக ஒரு துண்டுக் கம்பியைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

கதிர் பால் பிடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வேலியில் மின்சாரம் ஓட வேண்டும். ருசி கண்ட பன்றி அடி வாங்கிக்கொண்டே உள்ளே வரும். காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால், 2023-ஆம் ஆண்டின் மின்வேலி விதிகளின்படி மாவட்ட வன அலுவலரிடம் பதிவு செய்யாமல் போடாதீர்கள்.

கேள்வி: பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. உடனடித் தீர்வு சொல்லவும். (ஊர் இல்லை)

எந்த ஊர், என்ன பயிர், எத்தனை ஏக்கர், காடு எவ்வளவு தூரம்? இதில் ஒன்றுகூட இல்லாத கடிதத்துக்கு என்ன தீர்வு சொல்வது? விவரத்தோடு திரும்ப எழுதுங்கள். அதற்குள் யாராவது அவுட்டுக்காயை (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடியை) கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். பன்றிக்கு வைத்த வெடியை யானையும் கடிக்கும், மாடும் கடிக்கும். வாய் சிதைந்த யானை தீனி எடுக்க முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். வைத்தவர் சிறைக்குப் போவார்.

கேள்வி: வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டினால் பன்றி வராது என்கிறார்களே? (ஊத்தங்கரை)

பத்து நாள் வராது. பதினோராம் நாள் சேலைக்கு அடியில் புகுந்து வரும். அறுவடைக்குப் பத்து நாளே இருக்கிறது என்றால் தாராளமாகக் கட்டுங்கள்.

கேள்வி: சோலார் வேலி மெஷின் 'டிக் டிக்' என்று அடிக்கிறது. ஆனாலும் பன்றி வருகிறது. மோட்டார் ரூமிலிருந்து இரவில் மட்டும் ஒரு லைன் எடுத்து, நடுவில் 100 வாட்ஸ் பல்பு போட்டுக் கொடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா? (பாலக்கோடு)

கூடாது. இந்தப் பகுதியில் இதை எத்தனை முறை எழுதியாயிற்று! பல்பு, சோக், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஆளுக்கொரு 'பாதுகாப்பு' கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த எலக்ட்ரீஷியனிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். எரியாமல் இருக்கும் 100 வாட்ஸ் பல்பின் இழைக்குத் தடை 40 ஓம் போலத்தான். ஈரக்காலோடு வயலில் நிற்கும் மனிதனின் உடம்புக்கு 1,000 ஓம் வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் வந்தால் உடம்பு வழியாக 200 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். பல்பு அங்கே இருப்பதே கரண்ட்டுக்குத் தெரியாது. இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்க 50 முதல் 100 மில்லி ஆம்பியர் போதும். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்க வீட்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிப்பது அதனால்தான்.

சோலார் மெஷின் 6,000, 8,000 வோல்ட் தருகிறதே, அது மட்டும் கொல்லாதா என்று அடுத்த கடிதம் வரும். வராது என்றால் ஆச்சரியம். அதில் ஒரு துடிப்பு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அடுத்த துடிப்புக்கு ஒரு வினாடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் தசை தளர்ந்து, விலங்கோ மனிதனோ கம்பியை விட்டு விலகிவிடலாம். இ.பி. லைன் இடைவெளியே விடாது. பிடித்த கை பிடித்தபடி இறுகிவிடும். உங்கள் பக்கத்திலேயே, மாரண்டஹள்ளி அருகே, 2023 மார்ச்சில் இப்படிப்பட்ட ஒரு கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. குட்டிகள் இரண்டு அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. நிலத்துக்காரர் கைதானார். யானை என்பதால் செய்தியில் வந்தது. இரவில் தண்ணீர் மாற்றப் போய் இந்த மாதிரிக் கம்பியில் சிக்கும் மனிதர்கள் மாவட்டப் பக்கத்தில் இரண்டு வரிச் செய்தியோடு முடிந்துபோகிறார்கள்.

இனி உங்கள் மெஷினுக்கு வருவோம். அது டிக் டிக் என்று அடித்தால் மெஷினில் கோளாறு இல்லை. எர்த்தில்தான் இருக்கும். பத்து வேலியில் எட்டு இப்படித்தான். ஒன்றரை அடி ராடு ஒன்றைச் செம்மண்ணில் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மழைக்காலத்தில் வேலை செய்யும், சித்திரையில் செத்துவிடும். பன்றியின் உடம்பில் நுழைந்த மின்சாரம் மண் வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக். மண் காய்ந்தால் திரும்பும் வழி அடைபட்டது.

சோதிப்பது எளிது. மெஷினிலிருந்து 100 மீட்டர் தள்ளி, மெஷினை அணைத்துவிட்டு, இரும்புக் கடப்பாரை ஒன்றிரண்டைத் தரையில் ஊன்றிக் கம்பியின் மேல் சாய்த்து வையுங்கள். மெஷினைப் போட்டால் வேலியின் அழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொரு கடப்பாரை. இப்போது மெஷினின் எர்த் ராடில் வேலி மீட்டரை வையுங்கள். மீட்டரின் தரைமுள் ராடிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. ஆறடி ஜி.ஐ. ராடு மூன்று, பத்தடி இடைவெளியில், ஈரம் தங்கும் இடத்தில் அடித்து ஒரே கம்பியில் கிளாம்ப் போட்டு இணையுங்கள். முறுக்கிக் கட்டினால் துருப்பிடித்து ஆறு மாதத்தில் விட்டுவிடும். மோட்டாரின் எர்த்தோடு சேர்க்கவே கூடாது, 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். மண் அப்போதும் காய்ந்தால், மூன்று கம்பியில் நடுக்கம்பியை லைனிலிருந்து பிரித்து எர்த்தோடு இணைத்துவிடுங்கள். பன்றி இரண்டு கம்பியை ஒன்றாகத் தொடும், மண்ணின் தயவு தேவையில்லை.

எர்த் சரி என்றால் கசிவைத் தேடுங்கள். கீழ்க்கம்பியில் உரசும் புல், வெயிலில் வெடித்த இன்சுலேட்டர், அதற்குப் பதிலாகச் சொருகிய பழைய டியூப் துண்டு. இருட்டிய பிறகு வேலியோரம் நடந்தால் கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியும். கடைக்கோடியில் 4,000 வோல்ட் வந்தால் பன்றிக்குப் போதும்.

கேள்வி: ஐந்தடி செயின்லிங்க் வேலியைப் புள்ளிமான் தாண்டுகிறது. இன்னும் உயர்த்தப் பணமில்லை. (பெரம்பலூர்)

ஐந்தடி மானுக்குப் படிக்கட்டு. மானைத் தடுக்க ஏழு, எட்டு அடி வேண்டும். பணமில்லை என்றால், இப்போதைய வேலிக்கு வெளியே மூன்று நான்கு அடி தள்ளி, மூன்றடி உயரத்தில் இன்னொரு வரிசைக் கம்பி இழுங்கள். உயரத்தைத் தாண்டும் மான், உயரமும் அகலமும் சேர்ந்து வந்தால் தயங்கும். சிறிய நிலத்துக்கு இது நன்றாகவே உதவும். உங்கள் பக்கத்தில் கோடையில் மான் வருவது தண்ணீருக்கும்தான். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு முதலில் சுவர் எழுப்புங்கள். நாய் துரத்தும் மான் வேலியைப் பார்க்கும், கிணற்றைப் பார்க்காது.

கேள்வி: கேரட் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு காட்டுமாடுகள். பட்டாசு வெடித்தால் தேயிலைக்குள் ஓடி, மறுபடி வருகின்றன. (கோத்தகிரி)

பட்டாசைக் கீழே வையுங்கள். 800, 900 கிலோ எடையுள்ள மாட்டைச் சரிவில் மிரட்டினால் அது நேரே ரோட்டுக்கோ, கொழுந்து பறிக்கும் பெண்கள் மேலோதான் இறங்கும்.

முழுச் சரிவையும் வேலி கட்டி அடைப்பதும் தப்பு. கேரட் பாத்தியை மட்டும் ஐந்தடி உயரத்துக்கு, நான்கு கம்பியில் சோலார் வேலி போடுங்கள். கூட்டம் வழக்கமாக நடக்கும் தடத்தை 30, 40 அடி அகலத்தில் திறந்து விடுங்கள். தடத்தை மறித்தால் வேலியைத்தான் மிதிக்கும். விரட்டியே ஆக வேண்டும் என்றால் சோலைப் பக்கத்தைத் திறந்துவிட்டு, நாயைக் கட்டிப்போட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு பேர் தூரத்தில் நின்று பேச்சுச் சத்தம் கொடுங்கள். தனியாகத் திரியும் கிடாவிடம் அதுவும் வேண்டாம். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிமிர்ந்து காட்டினால் எச்சரிக்கிறது என்று பொருள். தலையைத் தாழ்த்திச் சீறினால் நேரமில்லை. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். கழித்துப்போட்ட கேரட்டைத் தோட்ட ஓரத்தில் குவித்து வைத்திருக்கிறீர்களா? அதுதான் அழைப்பிதழ்.

கேள்வி: கூடலூர்-மைசூர் வழியில் லோடு வேன் ஓட்டுகிறேன். மான் கூட்டம் குறுக்கே வந்தால் ஹை பீம் போடலாமா? (கூடலூர்)

போடாதீர்கள். கண் கூசிய மான் நடுரோட்டில் நின்றுவிடும். டிம் பண்ணுங்கள், வேகத்தைக் குறையுங்கள், ஹாரனை அமுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒன்று கடந்தால் கிளம்பிவிடக் கூடாது, பின்னால் நான்கைந்து நிற்கும். குட்டி கடைசியில்தான் வரும்.

காய்ந்த தார்ச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மானைப் பார்த்த நொடியிலிருந்து வண்டி நிற்க 25 மீட்டர் ஆகும், 60-இல் 45 மீட்டர், 80-இல் 70. லோடு இருந்தால் கூடும். டிம் வெளிச்சம் எட்டுவது 40, 50 மீட்டர். 60-இல் போகிறவர் பார்க்கும்போதே முட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். பந்திப்பூர் சாலையை 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை மூடுவது இதனால்தான். ஆனால் மான் அதிகம் கடக்கும் மாலை 6 முதல் 8 வரையும், விடிகாலையும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: சாலையோரப் புதரை வெட்டினால் விபத்து குறையுமா? ஊராட்சியில் தீர்மானம் போடப் போகிறோம். (சத்தியமங்கலம்)

பார்வை கிடைக்கும், குறையும். ஆனால் மழை முடிந்த கையோடு வெட்டினால் அடுத்த மூன்று வாரத்தில் இளம்புல் துளிர்த்து, மான் மொத்தமும் சாலையோரம் மேய வரும். தை, மாசியில் வெட்டுங்கள். காப்புக்காடு என்றால் வெட்ட வேண்டியது வனத்துறை, நீங்கள் மனு மட்டும் கொடுங்கள். ஓட்டல் எச்சிலை கொட்டும் இடத்தை மூடவும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: காட்டுப்பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டதாமே? (ஆத்தூர்)

உங்களுக்குக் கொடுக்கவில்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் சுடலாம், சுடுவது வனத்துறை ஆட்கள். கிராம நிர்வாக அலுவலர் வழியாக மனுவைத் தொடங்குங்கள். இ.பி. லைனும் அவுட்டுக்காயும் இந்த அனுமதியில் எங்கேயும் இல்லை.

கேள்வி: மூன்று ஏக்கர் கடலை போய்விட்டது. உழுது சோளம் விதைத்துவிட்டேன். இழப்பீடு வருமா? (தேன்கனிக்கோட்டை)

உழுததற்குப் பிறகு எதைக் காட்டுவீர்கள்? அடுத்த முறை விடிந்ததும் கால்தடம், கிளறிய மண், சாய்ந்த செடி மூன்றையும் சர்வே கல் தெரிகிற மாதிரிப் படமெடுத்து, அன்றே வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, கையெழுத்திட்ட நகல் வாங்குங்கள். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் கூட இருக்கட்டும். ஆள் வந்து பார்க்கும் வரை ஏர் பூட்டாதீர்கள்.

கேள்வி: வண்டியில் அடிபட்ட மானை வீட்டுக்குத் தூக்கி வந்து மருந்து போடலாமா? (ஆம்பூர்)

வேண்டாம். வைத்திருந்தாலே வழக்கு. துண்டால் கண்ணை மூடி, நிழலில் படுத்த வாக்கில் விட்டு, தண்ணீரை வாயில் ஊற்றாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். செத்திருந்தாலும் தொட வேண்டாம். கறி பங்கு போட்டவர்கள் பேர் பேராகக் கைதாகிறார்கள்.