பொருளியல் படித்தவர் இயற்கை வள மேலாண்மைக்கு வரலாமா?

வணக்கம். பொருளியலில் இளங்கலை முடித்த நீங்கள் இயற்கை வள மேலாண்மையில் முதுகலை சேர விரும்புவதாகவும், பள்ளிக்குப் பின் உயிரியலைத் தொடாததால் பின்தங்கிவிடுவோமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகப் பின்வாங்க வேண்டாம். மேய்ச்சல் நிலம், பாசன நீர் போன்ற பொது வளங்களை, அவற்றைப் பயன்படுத்தும் மக்களே விதிகள் வகுத்து நெடுங்காலம் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டி, 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், முனைவர் பட்டம் பெற்றது அரசியல் அறிவியலில்தான்.

ஆனால் புள்ளியியலில் மட்டும் அலட்சியம் கூடாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில், பல ஆண்டுகளாக மீன் இருப்பைக் கூடுதலாக மதிப்பிட்டு அதற்கேற்பப் பிடிக்க அனுமதித்ததும் சேர்ந்து காட் மீன்வளத்தைச் சரித்துவிட, 1992இல் வணிக மீன்பிடிப்புக்கே தடை விதிக்க நேர்ந்தது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். கணக்கில் நேரும் பிழை மனிதர்களின் வாழ்வைத் தொடும் துறை இது.

சூழலியலின் அடிப்படைகளைச் சேர்வதற்கு முன்பே ஓரளவு படித்துவிடலாம். களப்பயிற்சி அப்படியன்று, கருப்பும் வெள்ளையுமான செக்கி வட்டைக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் மெல்ல இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும்போதுதான், நீரின் தெளிவு என்பது அளக்கக்கூடிய ஒன்று என்று மனத்தில் பதியும். ஆகவே பாடத்திட்டத்தில் களப்பணிக்கு எத்தனை நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று துறையிடம் கேட்டறிந்த பிறகே விண்ணப்பியுங்கள்.