பொன்னாடை போர்த்தி அனுப்பினீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நான் பென்சில்வேனியாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவன். அங்கே அமெரிக்க ஃபுட்பால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2012-ல், துணைப் பயிற்சியாளராக இருந்த சாண்டஸ்கி சிறுவர்களிடம் அத்துமீறிய விவகாரத்துக்காக எங்கள் அணிக்குப் போட்ட தண்டனை அநியாயம் என்பது என் கருத்து. யாரோ செய்த தப்புக்கு, அது நடந்தபோது ஆரம்பப் பள்ளியில் இருந்த பையன்கள் எதற்காக அனுபவிக்க வேண்டும்? என் மனைவியோ, போட்டது போதாது என்கிறாள். இந்த சீசனுக்கு டிக்கெட் எடுக்கப் போனபோது இதே பேச்சு வந்து சண்டையாகி, இப்போது வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? எங்கள் ஊர்த் தமிழர்கள் நடத்தும் கிரிக்கெட் கிளப்பில் நான் கமிட்டி உறுப்பினர். போன வருஷம் ஜூனியர் கோச் ஒருவரைப் பற்றி ஒரு பையனின் அம்மா வந்து ஏதோ சொன்னார். நாங்கள் ஊர் முழுக்கப் பரப்பவில்லை. ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதையாக அனுப்பி வைத்தோம். கிளப்புக்கும் கெட்ட பெயர் இல்லை, அவர் குடும்பத்துக்கும் பாதிப்பில்லை. இப்படி முடிக்கத் தெரியாமல்தானே பென் ஸ்டேட்டில் அவ்வளவு பெரிதானது? யார் சொல்வது சரி, நீங்களே சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், பென்சில்வேனியா

பதில்: தம்பி, உங்கள் வீட்டுச் சண்டைக்கு அப்புறம் வருகிறேன். அந்தக் கோச் இப்போது எங்கே இருக்கிறார்?

தண்டனை நியாயமா என்று விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா வந்து சொன்னதற்கு ஒரே ஒரு வரி. அதிலும் ‘ஏதோ சொன்னார்’. என்ன சொன்னார் தம்பி? பெற்றவள் ஒருத்தி, தெரிந்த முகங்களாக உட்கார்ந்திருக்கும் கமிட்டி முன்னால் வந்து வாயைத் திறக்கிறாள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பாள்? நாளைக்குக் கோயிலில் பார்க்க வேண்டும், பொங்கல் விழாவில் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு யோசித்திருப்பாள்? அவள் சொன்னது உங்களுக்கு ‘ஏதோ’ ஆகிவிட்டது. பொன்னாடை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பையன் ஆண்டு விழாவுக்கு வந்திருந்தானா? வந்திருந்தால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் கை தட்டியிருப்பான். தட்டச் சொல்லியிருப்பீர்கள்.

இப்படி முடிக்கத் தெரியாததால் பென் ஸ்டேட்டில் பெரிதானது என்கிறீர்கள். அங்கே படித்தவர் நீங்கள். ஆனால் நடந்தது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அச்சு அசலாக இப்படித்தான் அவர்களும் முடித்தார்கள்.

1998-ல் ஒரு அம்மா. பதினொரு வயது மகன் தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்து என்னடா என்று விசாரிக்க, துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி தன்னோடு ஷவரில் குளிக்க வைத்ததாகப் பையன் சொன்னான். அவர் போலீசுக்குப் போனார். விசாரணை நடந்தது, வழக்குப் போடவில்லை. அடுத்த வருஷம் சாண்டஸ்கி ஓய்வு பெற்றபோது பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பேராசிரியருக்கு உரிய தகுதி கொடுத்தது. வளாகத்தில் ஓர் அறை, கட்டடத்துச் சாவி, உடை மாற்றும் அறைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் போய்வரும் உரிமை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் 1977-ல் தொடங்கிய தொண்டு நிறுவனம் இருந்தது. பையன்களுக்குப் பஞ்சமில்லை. சாவியும் கையில் இருந்தது.

2001 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மைக் மெக்வியரி என்ற இளம் உதவியாளர் அணியின் கட்டடத்து ஷவரில் சாண்டஸ்கியையும் ஒரு சிறுவனையும் பார்த்தார். மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவிடம் போய்ச் சொன்னார். பட்டர்னோ அதற்கும் மறுநாள்தான் மேலே சொன்னார். வார இறுதியில் அவர்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்று பிற்பாடு சாட்சியம் அளித்தார். மேலே இருந்தவர்கள் விளையாட்டு இயக்குநர் டிம் கர்லி, துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸ், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர். குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிப்பது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் கர்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்: யோசித்துப் பார்த்தேன், ஜோவிடமும் பேசினேன், அந்த ஏற்பாடு எனக்குச் சங்கடமாக இருக்கிறது, முதலில் அவரிடமே பேசிப் பார்க்கலாம் என்று. ஸ்பேனியரும் சரி என்றார். இதுதான் மனிதாபிமானமான வழி என்று பாராட்டினார். அவர் பார்த்த ஒரே ஆபத்து, சாண்டஸ்கி சொல்பேச்சு கேட்காவிட்டால், ஏன் தெரிவிக்கவில்லை என்று பிற்பாடு நம்மைப் பிடித்துக்கொள்வார்களே என்பது.

மனிதாபிமானம். யாரிடம்? ஷவரில் இருந்த பையன் யார், எந்த ஊர், எப்படி இருக்கிறான் என்று அந்த நான்கு பேரில் ஒருவரும் தேடவில்லை. இனிமேல் பையன்களை வளாகத்துக்கு அழைத்து வராதீர்கள் என்று சாண்டஸ்கியிடம் சொன்னதோடு கதை முடிந்தது. ஊர் முழுக்கப் பரவவில்லை, பல்கலைக்கழகத்துக்குக் கெட்ட பெயர் இல்லை, அவர் குடும்பத்துக்கும் பாதிப்பில்லை. உங்கள் வார்த்தைகள்தான் தம்பி.

முடிந்ததா? அதன் பிறகும் அதே ஷவரில் தனக்கு நடந்ததை இன்னொரு பையன், வளர்ந்து ஆளான பின் ஸ்பேனியர் மீது பிற்பாடு நடந்த வழக்கில் கூண்டேறிச் சொன்னான். சாண்டஸ்கி வேறொரு மாவட்டத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குத் தன்னார்வப் பயிற்சியாளராகப் போனார். இவ்வளவு பெரிய மனிதர் நம் பள்ளிக்கு வருகிறாரே என்று அங்கே ஏன் சந்தேகப்படப் போகிறார்கள்? 2008-ல் அந்தப் பள்ளிக்கு ஒரு அம்மா வந்து நின்றார். அதிலிருந்துதான் வழக்கு கிளம்பியது. 2011 நவம்பரில் கைது. 2012 ஜூனில் பத்துப் பையன்கள் சம்பந்தப்பட்ட 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. 30 முதல் 60 வருஷம் சிறை.

அதனால்தான் முதலில் கேட்டேன். உங்கள் கோச் இப்போது எந்த ஊரில், எந்த கிளப்பில், யார் பிள்ளைக்கு பேட் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்? அந்த கிளப்பில் விசாரித்தால், ‘ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்பியிருக்கிறார்கள், ஃபோட்டோகூட இருக்கிறது’ என்று சொல்வார்கள். நீங்கள் கொடுத்த நற்சான்றிதழ் அது.

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2012 ஜூலையில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. போட்ட தண்டனை இது: 6 கோடி டாலர் அபராதம், அதாவது ஏறத்தாழ அந்த அணியின் ஒரு வருஷ வருமானம். சீசன் முடிவில் நடக்கும் பெரிய போட்டிகளில் நான்கு வருஷத்துக்கு இடமில்லை. வீரர்களுக்கான உதவித்தொகை இடங்கள் 85-லிருந்து 65-ஆகக் குறைப்பு. 1998 முதல் 2011 வரை பெற்ற 112 வெற்றிகள் ரத்து.

வெற்றிகளை ரத்து செய்ததில் எனக்கும் ஒப்புதல் இல்லை. லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தை நடக்கவில்லை என்று ஏட்டில் எழுதினால் எந்தப் பையனுக்கு என்ன கிடைத்தது? வெறும் நாடகம். என்.சி.ஏ.ஏ. தானாக எதையும் விசாரிக்கவில்லை. பல்கலைக்கழகம் அமர்த்திய முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயின் அறிக்கை வந்த பதினோராம் நாள் தண்டனையை அறிவித்துவிட்டது. அந்த அவசரமும் தப்பு.

மற்றபடி தண்டனை நியாயம்தான். ‘யாரோ செய்த தப்பு’ என்று எழுதுகிறீர்களே, அந்த யாரோவுக்குத் துணை நின்றது எது? 2000-த்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி அந்தக் கட்டடத்தில் சாண்டஸ்கியைக் கையும் களவுமாகப் பார்த்தார். அதிர்ந்துபோய்க் கூட வேலை செய்தவர்களிடம் சொன்னார். ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். புகார் கொடுப்பது அமெரிக்க ஜனாதிபதியை எதிர்த்து நிற்பதற்குச் சமமாக இருந்திருக்கும் என்று அவர்களில் ஒருவர் பிறகு ஃப்ரீயின் குழுவிடம் சொன்னார். தரை துடைக்கிறவரின் வாயைக் கட்டிப்போட்டது அந்த அணியின் செல்வாக்கு. அப்படியிருக்க, அணியை விட்டுவிட்டுச் சாண்டஸ்கி ஒருவரை மட்டும் உள்ளே தள்ளினால் கணக்கு தீர்ந்துவிடுமா?

பையன்கள் பாதிக்கப்பட்டார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு சீசன் காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதி கொடுத்தது. சிலர் போனார்கள், பெரும்பாலோர் இருந்தார்கள். அந்த சீசனில் 12 ஆட்டங்களில் 8 ஜெயித்தார்கள். இரண்டே வருஷத்தில், 2014 செப்டம்பரில், தடையையும் உதவித்தொகை வெட்டையும் எடுத்துவிட்டார்கள். 2015 ஜனவரியில் 112 வெற்றிகளும் திரும்பி வந்தன. அபராதப் பணம் மட்டும் குழந்தைகள் பாதுகாப்புக்காகப் பென்சில்வேனியாவுக்குள்ளேயே செலவாக வேண்டும் என்று முடிவானது. அணி இழந்ததில் பெரும்பகுதி அணிக்குத் திரும்பிவிட்டது தம்பி. நீங்கள் ஒப்பாரி வைக்க இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

அநியாயம் என்று பேச ஆசைப்பட்டால் இதைப் பேசுங்கள். மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லாரி நாஸர் என்ற டாக்டர் சிகிச்சை என்ற பெயரில் வருஷக்கணக்காகப் பெண் பிள்ளைகளிடம் அத்துமீறினான். பல்கலைக்கழகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே 2018-ல் என்.சி.ஏ.ஏ. எங்கள் விதி எதையும் அந்தப் பல்கலைக்கழகம் மீறவில்லை என்று கோப்பை மூடியது. பென் ஸ்டேட்டைத் தண்டித்தது அநியாயமில்லை. அதற்குப் பிறகு தண்டிக்கிற துணிச்சல் வராமல் போனதுதான் அநியாயம்.

மூடி மறைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேளுங்கள். கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கியதாக 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியர் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, 2021-ல் இரண்டு மாதம்கூட முழுசாக இல்லாமல் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு இருபது வருஷம். தண்டனை போதாது என்று உங்கள் மனைவி சொல்வதில் தப்பே இல்லை. அவர் ஃபுட்பாலைப் பற்றித்தான் சண்டை போடுகிறார் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? பொன்னாடை போர்த்திய மேடையில் நீங்களும் நின்றிருப்பீர்கள். கீழே உட்கார்ந்து அவர் பார்த்திருப்பார்.

அந்தக் கோச் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விசாரிக்கத் தெரிந்தவர்களிடம் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். தப்பு செய்யாதவர் என்றால் கமிட்டி போட்ட கட்டைப் பஞ்சாயத்தால் அவருக்கும் அநியாயம்தான் செய்திருக்கிறீர்கள். அவர் குடும்பத்துக்குப் பாதிப்பில்லை என்று திருப்திப்படுகிறீர்களே, அந்தப் பையனின் குடும்பம் இன்னும் கிளப்புக்கு வருகிறதா? ஒருவர் தன் பிள்ளையை நம்பி உங்களிடம் விட்டால், திரும்பக் கூட்டிப் போகும் வரை அது உங்கள் பிள்ளை. சம்பளம் வாங்காத கமிட்டி என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. ஊரார் வாய்க்குப் பயந்து பிள்ளையைக் கைவிடுவதைக் குடும்ப மானம் என்று சொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்ப் பென்சில்வேனியாவிலும் நடவேண்டுமா?

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாண்டஸ்கி வழக்குக்குப் பிறகு, 2014-ல், உங்கள் மாநிலம் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. பிள்ளைகளைப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் தன்னார்வலர்களும் சந்தேகம் வந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவர்கள் பட்டியலில் வந்தார்கள். உங்கள் கிளப் கோச்சுகள் அதில் வருவார்கள், நீங்களும் வரலாம். மேலிடத்தில் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்குவதும் இப்போது செல்லாது, அவரவரே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். ஆதாரம் தேடித் திரட்டுவது உங்கள் வேலை இல்லை, நியாயமான சந்தேகம் போதும். நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, சொல்லாமல் மறைத்தால் வழக்கு. மாநிலத்தின் ‘சைல்டுலைன்’ 24 மணி நேரமும் இருக்கிறது: 1-800-932-0313. இதைப் படித்து முடித்ததும் அழையுங்கள். ஒரு வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். அப்புறம் அந்த அம்மா வீட்டுக்குப் போய், தெரிவித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். வீட்டுக்குள் கூப்பிடாவிட்டால் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு வாருங்கள்.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் மனைவி கட்சி இல்லை. தாராளமாகப் போய் மேட்ச் பாருங்கள், இன்றைக்கு ஆடுகிற பிள்ளைகள் ஒரு பாவமும் அறியாதவர்கள். ஆனால் சைல்டுலைனுக்குப் பேசும் முன்னால் கமிட்டியில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். கர்லியும் ஜோவிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் போனார்.